டிஆர்சி சுத்தமாக வந்துவிட்டால் போர்டை ஆர்டர் செய்யலாமா?

சர்க்யூட் போர்டு வரையும் கீகேட் மென்பொருளில் டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) ஒரு பிழையும் காட்டவில்லை, அதனால் சிம்பலின் (வரைபடக் குறியின்) பின்கள் ஃபுட்பிரிண்டின் (பாகம் போர்டில் உட்காரும் தடத்தின்) பேட்களோடு, அதாவது கால்களைப் பற்றவைக்கும் செப்புத் திட்டுகளோடு, பொருந்திவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் போர்டாக இருக்கும், சீக்கிரம் அனுப்பிவிடத் தோன்றும். அந்த அவசரத்தில்தான் நான் 50 போர்டுகளைக் கெடுத்தேன்.

ரிலே ஓட்டும் சின்ன போர்டு அது. 2என்3904 டிரான்சிஸ்டரை, நீளக் கால்கள் உள்ள டிஓ-92 உறையில் பல வருடம் போட்டுப் பழகியவன் நான். அதில் 1 எமிட்டர், 2 பேஸ், 3 கலெக்டர். இடம் போதாமல், போர்டின் மேலேயே பற்றவைக்கும் சின்ன எஸ்ஓடி-23 உறையில் வரும் அதே வகை எம்எம்பிடி3904-க்கு மாறினேன். சிம்பலைத் தொடாமல் ஃபுட்பிரிண்டை மட்டும் மாற்றினேன். இந்த உறையில் 1 பேஸ், 2 எமிட்டர். மென்பொருள் பின்களின் எண்களை மட்டும்தான் பார்க்கும். சிம்பலின் 2-ஆம் பின் 2-ஆம் பேடுக்குப் போய்விட்டால் அதற்குத் திருப்தி. அங்கே எந்தக் கால் உட்காரப்போகிறது என்பது டேட்டாஷீட்டில்தான் இருக்கிறது.

போர்டு வந்தது. ஒரு ரிலேகூட இழுக்கவில்லை. மல்டிமீட்டரை வைத்தால், 0.7 வோல்ட் இருக்க வேண்டிய பேஸ் கோட்டில் முழு 5 வோல்ட். ரெசிஸ்டரைச் சந்தேகப்பட்டே அரை நாள் போனது. கடைசியில் டிரான்சிஸ்டரைக் கவிழ்த்துப் போட்டுத்தான் தப்பித்தேன். கவிழ்த்தால் 1-உம் 2-உம் இடம் மாறும், 3 அதே இடத்தில் நிற்கும். கால்களை ட்வீசரால் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும், இரண்டாவது முறை வளைத்தால் ஒடிந்துவிடும். போர்டுக்கு இரண்டு வீதம் 100 டிரான்சிஸ்டர், இரண்டு இரவு.

கால்களின் வரிசைப்படி இபிசி (எமிட்டர், பேஸ், கலெக்டர்), பிஇசி என்று தனித்தனி சிம்பல் இருக்கிறதே, பார்க்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, பார்த்திருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான். ஆனால் சொன்ன தேதியில் போர்டுகளைக் கொடுத்தேன். பணம் வந்தது ஐந்து மாதம் கழித்து. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் எங்களைப் போன்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் போர்டுக்கு வருவோம். ஃபுட்பிரிண்டை 1:1 அளவில் தாளில் அச்செடுத்து, பாகத்தை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு காலையும் டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். படம் மேலிருந்து வரைந்ததா, கீழிருந்தா என்றும் பாருங்கள். டிஓ-92 உறையில் 78எல்05 (5 வோல்ட் ரெகுலேட்டர்) போட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதன் பெரிய வடிவமான 7805-இல் 1 இன்புட், 3 அவுட்புட். 78எல்05-இல் 1 அவுட்புட், 3 இன்புட்.