புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு, எடுத்த திசுவைச் சோதித்தால் புற்றுநோய் திரும்புமா என்று தெரியுமா?

ஓரளவு தெரியும். ஆனால் வரும், வராது என்று அடித்துச் சொல்கிற சோதனை எதுவும் கிடையாது, வாய்ப்பு கூடவா குறைவா என்றுதான் வரும். அப்பாவுக்கு மார்ஜின் பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறார்கள், உடனே ரேடியேஷன் வேண்டுமா, டெசிஃபர் என்ற மரபணு டெஸ்டுக்குத் திசுவை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நோய்க்குறியியல் லேபில் வேலை பார்ப்பவன், திசு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படியுங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சுரப்பி லேபுக்கு வந்ததும் அதன் வெளிப்பக்கம் முழுக்க மை பூசித்தான் துண்டு போடுவோம், அப்புறம் துண்டுகளை மெழுகில் பதித்து பிளாக் செய்வோம், அதிலிருந்து மெல்லிசாகச் சீவி ஸ்லைடு. புற்றுச் செல் அந்த மையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அதுதான் மார்ஜின் பாசிட்டிவ். எத்தனை மில்லிமீட்டர் தொடுகிறது, அந்த இடத்தில் க்ளீசன், அதாவது புற்று எவ்வளவு மோசமான வகை என்று சொல்லும் எண், என்ன என்று பாருங்கள். 3+4, 4+3 இரண்டும் கூட்டினால் ஏழுதான், ஆனால் முதல் எண்தான் அதிகமாக இருக்கும் வகை, அதனால் இரண்டாவது மோசமானது. கிரிப்ரிஃபார்ம் என்று எழுதியிருந்தால், அதாவது செல் கூட்டத்துக்குள் சல்லடை மாதிரி ஓட்டைகள் தெரிந்தால், அதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாயமேற்றிப் பார்க்கும் மார்க்கர்களில் எனக்கு நம்பிக்கை உள்ளது பிடென் என்ற புரதம். சாதாரண செல்கள் பழுப்பாகச் சாயம் பிடித்திருக்க, பக்கத்திலேயே புற்றுச் சுரப்பி வெளிறிக் கிடக்கும், பார்த்தவுடன் தெரியும். அந்தப் புரதம் போய்விட்டால் ஆபத்து கூடுதல். கேஐ-67 எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். 2005-இல் கண்டுபிடித்த டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இஆர்ஜி இணைவு, அதாவது இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது, அதன் மேல் எல்லோரும் பெரிய நம்பிக்கை வைத்தார்கள், பாதிக் கட்டிகளில் அது இருக்கிறது என்றாலும் அறுவைக்குப் பின் நோய் திரும்புவதைச் சொல்ல அது உதவவில்லை.

சரி, டெசிஃபர். 22 மரபணுக்களின் ஆர்என்ஏவை அளந்து 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள், 0.6-க்கு மேல் போனால் ஆபத்து அதிகம். பிஎஸ்ஏ (ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) ஏறுவதை விட, வேறு உறுப்புக்குப் பரவுவதைக் கணிக்கத்தான் அதை உருவாக்கினார்கள். விலை அதிகம், அதனால் மதிப்பெண் வந்தால் முடிவு மாறுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 2020-இல் வெளிவந்த ராடிகல்ஸ் ஆய்வுப்படி, பிஎஸ்ஏவைக் கவனித்துக்கொண்டே இருந்து ஏறத் தொடங்கியதும் ரேடியேஷன் கொடுப்பது, உடனே கொடுப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே 3+4, பிஎஸ்ஏ அளக்க முடியாத அளவு என்றால், என்னைக் கேட்டால் காத்திருக்கலாம். க்ளீசன் 8-க்கு மேல், விந்துப்பை வரை போயிருக்கிறது என்றால் கதை வேறு, அப்படிப்பட்டவர்கள் அந்த ஆய்வில் குறைவு. அங்கே காத்திருக்கலாமா என்று தீர்மானிக்க மதிப்பெண் உண்மையிலேயே உதவும்.

பலரும் கவனிக்காத ஒன்று: புராஸ்டேட் புற்று பெரும்பாலும் ஒரே சுரப்பியில் பல இடங்களில் தனித்தனியாக இருக்கும். ஏதோ ஒரு பிளாக்கை எடுத்து அனுப்பினால் சாதுவான கட்டியின் மதிப்பெண் வந்து சேரும். மோசமான பகுதி இருக்கும் பிளாக்கை நோய்க்குறியியல் டாக்டரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்கும்போது அந்த பிளாக்கையே கேளுங்கள், சாயமேற்றிய ஸ்லைடை மட்டும் வாங்கி வந்தால் இந்தச் சோதனைக்கு ஆகாது.