மேல் சிறுநீர்க்குழாயில் 14 மி.மீ. கல்: லேசரா, லேப்ராஸ்கோப்பியா?

வணக்கம். தங்கள் தந்தையாருக்கு இடது சிறுநீர்க்குழாயின் மேற்பகுதியில் 14 மி.மீ. கல் அடைத்துச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகவும், ஒரு மருத்துவர் லேசரையும் இன்னொருவர் லேப்ராஸ்கோப்பியையும் (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) சொல்வதாகவும் எழுதியுள்ளீர்கள். இரண்டுமே முறையான வழிகள்தாம். 10 மி.மீ.க்கு மேற்பட்ட கல் தானே இறங்கி வெளியேறுவது அரிது என்பதால், மேலும் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீர்த் துவாரம் வழியே யூரிட்ரோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, ஹோல்மியம் லேசரால் கல்லைப் பொடியாக்கும் முறையில் உடலில் வெட்டுக்காயமே இராது; ஆனால் மேற்பகுதிக் கல், உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தத்தால் சிறுநீரகத்துக்குள் பின்னோக்கி நழுவிவிடக்கூடும், அப்போது வளைந்து செல்லும் வகைக் கருவி தேவைப்படும். அக்கருவி அங்கே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் நான் லேசரையே தேர்ந்தெடுப்பேன். கல் நெடுநாளாகக் குழாய்ச் சுவரில் பதிந்து இறுகியிருந்தால், லேப்ராஸ்கோப்பி வழியாகக் குழாயைக் கீறி முழுக் கல்லாக எடுப்பது பெரும்பாலும் ஒரே முறையில் முடிந்துவிடும்.

எதுவானாலும், உள்ளே டிஜே ஸ்டென்ட் (சிறுநீர் தடையின்றி இறங்கச் சிறுநீர்க்குழாயில் தற்காலிகமாக வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தால், அதை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். மறந்துவிட்டால் அதன்மீதே புதிய கல் படியும். கல்லை எடுப்பதற்கு முன் இடையில் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்நிலையில் தேங்கிய சிறுநீரை முதலில் வடித்துவிட்டு, தொற்று அடங்கிய பிறகுதான் கல்லை எடுப்பார்கள்.