மூங்கில் இலை ஏன் ஊதிப்போகிறது?

கேள்வி: எனக்கு வயது 48. எட்டு மாதமாகச் சீன மரபு ஓவியம் பழகுகிறேன். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினம் ஒரு மணி நேரம். மூங்கில் இலை போட்டால் நுனி ஊதி, பஞ்சு மாதிரி பரவிவிடுகிறது. ஈரத்தில் கன்னங்கரேலென்று இருப்பது காய்ந்ததும் வெளிறிப்போகிறது. எதை, எந்த வரிசையில் பழகலாம்? பிறர் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டால் சொந்தக் கை வராது என்கிறார்களே, நிஜமா?

பதில்: கையைக் குறை சொல்வதற்கு முன் தூரிகையில் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள். எட்டு மாதத்தில் கை ஓரளவு பழகியிருக்கும். தண்ணீர்க் கணக்குதான் பிடிபட்டிருக்காது. முடி பிடியோடு சேருகிற அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கி நிற்கும். இலையை முடிக்கும் நேரத்தில் அது நுனிக்கு இறங்கிவிடுகிறது. நுனியை மட்டும் துணியில் ஒற்றுவதால் பயனில்லை.

தூரிகையை முழுக்க நனைத்து, பீங்கான் தட்டின் விளிம்பில் அடியிலிருந்து நுனிவரை வழித்துவிடுங்கள். பிறகு முடியின் அடியைப் பழைய பருத்தித் துணியில் சாய்த்து, இரண்டு எண்ணும்வரை வையுங்கள். அடுத்து இளம் மையில் பாதி முடிவரை தோய்த்து, விளிம்பில் இன்னொரு வழிப்பு. கடைசியாக நுனியில் அரை சென்டிமீட்டர் மட்டும் கெட்டி மை. துண்டுக் காகிதத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். சுற்றிலும் சாம்பல் வளையம் அகலமாகப் பரவினால் தண்ணீர் இன்னும் அதிகம். கோடு பாதியிலேயே வறண்டு கீறினால் குறைவு. ஒருமுறை தோய்த்ததில் நான்கைந்து இலை போடுங்கள். முதல் இலை கறுப்பாகவும் கடைசி இலை வெளிறியும் வரும். அந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும். இலைக்கு இலை மை தொட்டால் எல்லாம் ஒரே கறுப்பாகி, தாளில் அச்சுக் குத்தினது போலாகிவிடும்.

காகிதத்துக்கும் இதில் பங்கு உண்டு. கடைகளில் 'அரிசிக் காகிதம்' என்று விற்கிறார்கள். அதில் அரிசி கிடையாது. அசல் சுவான் காகிதம் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தின் ஜிங் வட்டத்தில், நீலச்சந்தனம் என்று சொல்லப்படும் ஒரு மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் சேர்த்துச் செய்வது. (பெயரில் சந்தனம் இருந்தாலும் நம் சந்தன மரம் வேறு.) அதில் பச்சைக் காகிதம், அதாவது எதுவும் பூசாதது, மையை உடனே உறிஞ்சும். படிகாரமும் வச்சிரப் பசையும் பூசிப் பக்குவப்படுத்திய காகிதம் உறிஞ்சாது. நுணுக்கமாகக் கோடு வரைந்து அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றும் கோங்பி முறைக்குப் பக்குவப்படுத்தியது. மூங்கில் போன்று, சில வீச்சுகளில் சட்டென்று போடும் ஷியெயி ஓவியத்துக்குப் பச்சை. பச்சைக் காகிதத்தில் தூரிகை ஒரு நொடி தயங்கினாலும் குளம் கட்டும். அதனால் இலையை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் முடிப்பது என்பதைத் தூரிகை தாளைத் தொடும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

முழுத்தாள் 69 × 138 செ.மீ. எட்டாக வெட்டினால் 34.5 செ.மீ. சதுரம், பயிற்சிக்கு அது போதும். வழவழப்பான பக்கத்தில் வரையுங்கள், அடியில் கம்பளி விரிப்பு இருக்கட்டும். அன்றாடப் பயிற்சிக்கு மலிவான மஞ்சள் மூங்கில் காகிதம் தாராளமாக ஆகும். ஆனால் அதிலேயே மாதக்கணக்கில் பழகிவிட்டுச் சுவானுக்குப் போனால் கை தடுமாறும். தினமும் கடைசிப் பத்து நிமிடம் சுவானுக்கு ஒதுக்குங்கள்.

மை காயும்போது ஓரளவு வெளிறுவது இயல்பு. பின்னால் பசைத்தாள் ஒட்டிச் சட்டமிட்டால் அந்தக் கறுப்பு கொஞ்சம் திரும்பும். ரொம்பவே வெளிறினால் உங்கள் புட்டி மை, எழுத்துப் பயிற்சிக்கென நீர்த்துச் செய்ததாக இருக்கலாம். ஒரு கோடு போட்டு ஒருநாள் காயவைத்து, அதன்மேல் தண்ணீர்த் தூரிகையை இழுத்துப் பாருங்கள். கரைந்து ஓடினால் அந்த மையில் வரைந்த எதையும் பின்தாள் ஒட்ட முடியாது. மைக்கட்டி வாங்குங்கள். எண்ணெய்ப் புகையில் செய்தது பளபளப்பான கறுப்பு. பைன் மரப்புகையில் செய்தது மங்கல் கறுப்பு. மூங்கிலுக்கு முதல் வகையே சரி. மைக்கல்லில் கால் தேக்கரண்டித் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாக அரையுங்கள். கட்டி போன தடம் உடனே மூடாமல் ஒரு கணம் நின்றால் பதம் வந்துவிட்டது. அரைத்து முடித்ததும் கட்டியைத் துடைத்து வையுங்கள். கல்லிலேயே விட்டால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் கல் பெயரும்.

தூரிகை மூன்று போதும்: நடுத்தர 'ஓநாய் முடி' ஒன்று, பெரிய ஆட்டுமுடி ஒன்று, மெல்லிய கோட்டுத் தூரிகை ஒன்று. பெயரில்தான் ஓநாய், உண்மையில் கீரி போன்ற ஒரு சிறு விலங்கின் வால்முடி. அது விறைப்பாக எழுந்து நிற்கும் என்பதால் இலைக்கு ஏற்றது.

வரிசை: மூங்கில், ஆர்க்கிட், பிளம், சாமந்தி. மூங்கிலில் மட்டும் மூன்று மாதம் இருங்கள். தண்டைக் கீழிருந்து மேலாக, கணுவுக்குக் கணு நிறுத்தி ஏற்றுங்கள். தொடக்கத்தில் அழுத்தம், நடுவில் இளக்கம், முடிவில் மறுபடி அழுத்தம், பிறகு ஒரு சின்ன இடைவெளி. அடிக்கணுக்கள் குட்டை, நடுவே நீளம், உச்சியில் மறுபடி குட்டை. தண்டில் ஈரம் முழுக்கக் காயும் முன் கணுக்கோட்டைப் போட்டுவிட வேண்டும். இலைகளை மூன்றாக, நான்காகச் சேர்த்துக் கட்டுங்கள்; எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து சமமாக விரிந்தால் நட்சத்திரமாகிவிடும். இலையை முடிக்கும்போது காகிதத்தில் தூரிகையை நிறுத்தாதீர்கள். கை ஓடிக்கொண்டிருக்கும்போதே தூரிகை மேலெழ வேண்டும்.

பார்த்துப் போடுவதைப் பற்றிய பயம் வேண்டாம். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் சீன ஓவிய விமர்சகர் ஷியே ஹே ஓவியத்துக்கு வகுத்த ஆறு விதிகளில் கடைசி விதியே முன்னோரைப் படியெடுத்துக் கற்பதுதான். இறால் ஓவியங்களால் பெயர்பெற்ற சி பாய்ஷி (1864–1957) தச்சு வேலை செய்த நாளில் 'கடுகு விதைத் தோட்டக் கையேடு' என்ற ஓவியப் பாடநூலை இரவல் வாங்கிப் படியெடுத்துத்தான் தொடங்கினார். 1679இல் முதல் பகுதி வந்த அந்த நூல் இன்றும் கிடைக்கிறது. ஆனால் அது மரக்கட்டை அச்சு. எலும்பு எப்படி என்று காட்டும். தண்ணீர் எவ்வளவு என்று காட்டாது. அதனால் கட்டமைப்பை நூலிலும் மையை அசல் ஓவியத்திலும் படியுங்கள். தைபேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் சீன ஓவியர் வென் டோங் (1018–1079) வரைந்த மூங்கில் இருக்கிறது. மேலிருந்து தொங்கி, வளைந்து, நுனியில் மறுபடி நிமிரும் ஒரே கிளை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சில இலைகள் கெட்டி மையில், சில இளம் மையில். இலையின் முகத்துக்குக் கறுப்பு, முதுகுக்கு வெளிறல் என்பது அவர் வழி.

படியெடுப்பதில் மூன்று படிகள் உண்டு. மேலே தாள் வைத்து வரைவது முதலில். பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைவது அடுத்து. மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரைவது கடைசி. மூன்றாவதை யாரும் செய்வதில்லை. உங்கள் சொந்தக் கை எட்டிப்பார்ப்பது அங்கேதான். மூலத்தோடு ஒப்பிட்டால் எது பிழை, எது உங்கள் சுபாவம் என்று பிரித்துவிடலாம். படியெடுத்ததில் கையெழுத்திட்டால் 'இன்னாரைப் பார்த்து' என்று சேர்த்து எழுதுவது மரபு.

ஒரு மணி நேரத்தில் மை அரைக்கப் பத்து நிமிடம், தண்டும் இலையும் தனித்தனியாக இருபது, படியெடுக்க இருபது, சுவானில் ஒரே ஒரு முழுப்படம் பத்து. வாரக் கடைசியில் ஏழு படங்களையும் சுவரில் குத்தி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வகுப்புக்கு நல்லதை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கெடுகிற மூன்று தாளைக் கொண்டுபோய்க் காட்டி, அந்த இலையை ஆசிரியரையே உங்கள் தூரிகையால், உங்கள் மையால் போடச் சொல்லுங்கள். அவர் துணியில் எத்தனை முறை ஒற்றுகிறார் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.