பழைய ஜப்பான் மெஷினா, புதிய சீன மெஷினா?

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் கன்ட்ரோலர் போர்டு செய்கிறோம். நாளுக்கு 200 போர்டு, ஒவ்வொன்றிலும் 85 எஸ்எம்டி பாகங்கள் (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டுபவை), 35 வகை. சிறியது 0603, பெரியது 44 கால் மைக்ரோகன்ட்ரோலர். இதுவரை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவந்தோம். இனி பாகங்களை எடுத்துப் போர்டில் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷினைச் சொந்தமாக வாங்க நினைக்கிறோம். ஏறக்குறைய ஒரே விலையில் ஒரு புதிய சீன மெஷினும், 15 வருடப் பழைய ஜப்பான் மெஷினும் கிடைக்கின்றன. எதை நம்பி வாங்கலாம்?

பதில்: முதலில் வேகக் கணக்கை முடித்துவிடுவோம். நாளுக்கு 17,000 பாகங்கள். ரீல் மாற்றுவது, டீ குடிப்பது எல்லாம் போக ஷிஃப்டில் ஆறு மணி நேரம் மெஷின் ஓடினாலும் மணிக்கு மூவாயிரத்துக்குக் கீழேதான் தேவை. கேட்டலாக்கில் போடும் சிபிஹெச் (மணிக்கு எத்தனை பாகம் வைக்கும் என்ற கணக்கு), எல்லாம் சாதகமாக அமைந்தால் வரும் எண். அதில் பாதி உங்கள் போர்டில் வந்தாலே நல்லது. அப்படிப் பார்த்தால் 8,000 என்று போட்ட மெஷினே உங்களுக்குப் போதும்.

துல்லியமும் உங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. 0603 என்பது 1.6 × 0.8 மி.மீ. பாகம், கொஞ்சம் தள்ளி வைத்தாலும் ரீஃப்ளோ அடுப்பில் உருகும் ஈயமே, பாகம் உட்கார வேண்டிய பேடுக்கு இழுத்துக்கொள்ளும். 44 கால் ஐசியிலும் கால்களுக்கு இடையே பெரும்பாலும் 0.8 மி.மீ. இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: விற்பவர் 0603 வைக்கும் என்றால் அங்குலக் கணக்கா, மெட்ரிக் கணக்கா என்று கேளுங்கள். மெட்ரிக் 0603 அங்குலக் கணக்கில் 0201. அளவு எங்கேயோ போய்விடும்.

சரி, அப்புறம் எதைப் பார்ப்பது? பீடரை, அதாவது ரீல் டேப்பில் வரும் பாகங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுக்கும் பகுதியை. எஸ்எம்டி லைன் நிற்பதில் பெரும்பங்கு இதனால்தான். டேப் ஒழுங்காக நகராது, மேல்தாள் சரியாக உரியாது, பாகம் பக்கவாட்டில் எழுந்து நிற்கும், பாகத்தை உறிஞ்சி எடுக்கும் நாசில் வெறுங்கையோடு திரும்பும். நூற்றுக்கு ஒன்று இப்படித் தவறினால் உங்களுக்கு நாளுக்கு 170 தடவை. பாதியை மெஷின் தானே மறுபடி எடுத்துச் சமாளித்தாலும், மீதிக்கு ஆள் ஓட வேண்டும். மலிவான மேசை மெஷின்கள் சிலவற்றில் தனி பீடரே கிடையாது. ஹெட்டில் உள்ள ஊசிதான் டேப்பை இழுக்கும். மாதிரி போர்டு செய்ய அது போதும், தினசரி உற்பத்திக்கு வேண்டாம்.

நான் ஒருமுறை ஏமாந்ததும் பீடரில்தான். பழைய மெஷினோடு 30 பீடர் என்றார்கள். இறக்கிப் பார்த்தால் ஒழுங்காக இழுத்தவை 12. மீதியைத் தேடி வாங்கியதில் மெஷின் மலிவாகக் கிடைத்த சந்தோஷம் போய்விட்டது. உங்களுக்கு 35 பீடர், கையிருப்பாக ஐந்தாறு. அகலமான டேப்புக்கான பீடர் இரண்டு மூன்று இடத்தை அடைத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் சேருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் பொருந்திவிடும் என்றும் நம்ப வேண்டாம். யமஹாவிலேயே காற்றில் இயங்கும் சிஎல் வகை உண்டு, மோட்டாரில் இயங்கும் எஸ்எஸ் வகையும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே மாட்ட முடியாது. சீன மெஷின்களில் பல இந்த சிஎல் வகையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்டதை வாங்கினால் நாளைக்கு மெஷினை மாற்றினாலும் பீடர் வீணாகாது.

இரண்டில் என் ஓட்டு பழைய ஜப்பான் மெஷினுக்கு. கனமான வார்ப்புச் சட்டம், சர்வோ மோட்டார். பராமரித்திருந்தால் 15 வருடம் அதற்குப் பெரிய வயதில்லை. ஆனால் ஒரே நாளில் வந்து பார்க்கும் மெக்கானிக் இருக்க வேண்டும். பீடர் முழுவதும் ஓடிக் காட்டப்பட வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பழைய விண்டோஸாக இருக்கும், அளவுத்திருத்த (கேலிப்ரேஷன்) விவரமெல்லாம் அதில்தான். பணம் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கின் முழு நகலை உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். ஜப்பானில் ஓடிய மெஷின் மூன்று பேஸ் 200 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கலாம். நம்மூர் 415-ஐ அப்படியே கொடுத்தால் அன்றோடு கதை முடிந்தது. டிரான்ஸ்பார்மருக்கும், காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையருக்கும் பணம் ஒதுக்குங்கள். இதில் ஒன்று நடக்காவிட்டாலும் புதிய சீன மெஷினுக்குப் போங்கள். அதிலும் ஸ்டெப்பர் மோட்டார் வேண்டாம், எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து சொல்லும் என்கோடர் உள்ள சர்வோவாக இருக்கட்டும்.

எதுவானாலும் டெமோவுக்கு உங்கள் போர்டையும் உங்கள் ரீல்களையும் கொண்டுபோங்கள், பாதி தீர்ந்த ரீலையும் சேர்த்து. நாலு மணி நேரம் விடாமல் ஓட்டி, எத்தனை பாகம் குப்பைத் தட்டில் விழுந்தது என்று எண்ணுங்கள். பிறகு வெறும் போர்டில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, ஒரே பாகத்தை 0 டிகிரியிலும் 180 டிகிரியிலும் வைக்கச் சொல்லி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகியிருந்தால் மெஷின் சுழற்சி மையத்தைத் தவறாக எடுத்துக்கொள்கிறது, அல்லது நாசில் வளைந்திருக்கிறது. முதலில் நாசிலை மாற்றி இன்னொருமுறை பாருங்கள். அப்போதும் விலகினால் அளவுத்திருத்தம் செய்து காட்டிய பிறகே முன்பணம்.