டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை வந்திருக்கிறது, மகளைச் சேர்க்கலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். கையில் டெஸ்க்டாப் சப்போர்ட் இன்ஜினியர் ஆஃபர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். "மவுஸ் மாற்றிக் கொடுக்கவா இவ்வளவு படித்தாள்?" என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் தாராளமாகச் சேரட்டும். விண்டோஸுக்கு அடியில் இருக்கும் ஹார்டுவேர் நிர்வாகத்தை மட்டும் அவள் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். எண்ட்பாயிண்ட் இன்ஜினியர், அதாவது கம்பெனியின் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பவர், என்ற அடுத்த படிக்கு அதுதான் வழி.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் எழுப்பும் சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை அழித்தால் போதும், கணினி சரியாகிவிடும். ஆனால் விண்டோஸே எழும்பாதபோது தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் எதற்கும் உதவாது. மேசை மேசையாகப் போய், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்த கணினிகளில் அது கேட்கும் 48 இலக்க ரெக்கவரி எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்டெல் வி-ப்ரோ என்ற ஹார்டுவேர் நிர்வாக வசதி முன்கூட்டியே அமைக்கப்பட்ட கணினி என்றால் இதே வேலையை வேறு ஊரில் இருந்தபடி செய்யலாம்.

வி-ப்ரோ கணினியின் சிப்செட்டுக்குள் தனியாக ஒரு சின்னக் கட்டுப்பாட்டகம் இருக்கிறது. மின்சாரமும் நெட்வொர்க் கேபிளும் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். இதன் வழியாக இயங்கும் வசதிக்கு ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி என்று பெயர். கணினியை ஆன் செய்வது, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) திரையைப் பார்ப்பது, நம்மிடம் இருக்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பிலிருந்து (முழு வட்டின் நகல்) பூட் செய்வது எல்லாம் இதில் முடியும்.

இதைப் படிக்க கோர்ஸ் எதுவும் வேண்டாம், பழைய ஆபீஸ் கணினி ஒன்று போதும். சென்னை ரிச்சி தெருவில், அல்லது உங்கள் ஊரில் ரீஃபர்பிஷ்டு விற்கும் கடையில், டெல் ஆப்டிபிளக்ஸ் 7050, 7060 மாதிரியான மாடல்களைக் கேளுங்கள். பிராசஸரும் சிப்செட்டும் இரண்டுமே வி-ப்ரோவுக்கு உரியவையாக இருக்க வேண்டும். ஐ5-8500 சரி, ஐ5-8400 ஆகாது. சிப்செட் க்யூ270, க்யூ370 என்று க்யூவில் தொடங்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஆன் செய்து, லோகோ தெரியும்போது கண்ட்ரோல்-பி (Ctrl+P) அழுத்திப் பார்க்கட்டும். வி-ப்ரோவை அமைக்கும் எம்.ஈ.பி.எக்ஸ். மெனு வரவில்லை என்றால் பயாஸில் அணைத்து வைத்திருக்கலாம், அல்லது ஃபேக்டரியிலேயே நிரந்தரமாக முடக்கியிருக்கலாம். மெனு வந்தும் 'admin' என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை ஏற்காவிட்டால், பழைய கம்பெனி வைத்தது அப்படியே இருக்கிறது. இரண்டு நிலையிலும் வேறு கணினி பார்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பயாஸ் அப்டேட். 2017 மே மாதம் வெளிவந்த சிவிஇ-2017-5689 என்ற வி-ப்ரோ பாதுகாப்பு ஓட்டையில், பாஸ்வேர்டுக்கான பதிலை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே போக முடிந்தது. பழைய ஃபர்ம்வேரில் (ஹார்டுவேருக்குள் பதிந்த மென்பொருளில்) அது இன்னும் இருக்கலாம். அடுத்து, அணைந்த கணினியில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் டீப் ஸ்லீப் கண்ட்ரோலை பயாஸில் டிசேபிள் செய்ய வேண்டும். பிறகு கண்ட்ரோல்-பி அழுத்தி 'admin' கொடுத்தால் புதிய பாஸ்வேர்டு கேட்கும். குறைந்தது 8 எழுத்து, அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். உள்ளே கே.வி.எம். (தொலைவிலிருந்து திரை, கீபோர்டு, மவுஸைக் கையாளும்) வசதியை எனேபிள் செய்து, நெட்வொர்க்கை டி.எச்.சி.பி.யில் (ரூட்டரே ஐ.பி. முகவரி தரும் முறையில்) விட்டு, கடைசியாக 'ஆக்டிவேட் நெட்வொர்க் அக்ஸஸ்' கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கணினி நெட்வொர்க்கில் தலைகாட்டாமல் இருக்கும்.

இப்போது வேறொரு கணினியின் பிரவுசரில் இந்தப் பழைய கணினியின் ஐ.பி. முகவரியோடு 16992 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறக்கட்டும். புதிய தலைமுறைக் கணினிகளில் டி.எல்.எஸ். என்ற மறையாக்கம் கட்டாயம் என்பதால் 16993 மட்டும்தான். பக்கம் வந்ததும் கணினியை ஷட்டவுன் செய்துவிட்டு, அதே பக்கத்திலிருந்து ஆன் செய்து பார்க்க வேண்டும். திரையைப் பார்க்க மெஷ்சென்ட்ரல் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். பல பழைய யூடியூப் பாடங்களில் வரும் மெஷ்கமாண்டரை இன்டெல் இப்போது பராமரிப்பதில்லை.

முதல் தடவையே எல்லாம் ஓடாது, அது நல்லதுதான். இன்டர்வியூவில் கேட்பதும் பழுதைப் பற்றித்தான். பக்கம் திறக்கவே இல்லை என்றால், அதே கணினியிலிருந்து முயல்கிறாளா என்று பாருங்கள். வெளியிலிருந்து கேபிள் வழியே வரும் பாக்கெட்டைத்தான் அந்தக் கட்டுப்பாட்டகம் பிடிக்கும். யூ.எஸ்.பி. லேன் அடாப்டரிலும் இது வேலை செய்யாது, மதர்போர்டிலேயே இருக்கும் லேன் போர்ட் வேண்டும். விண்டோஸ் ஓடும்போது திறந்து, அணைத்ததும் செத்துப்போனால் டீப் ஸ்லீப் இன்னும் எனேபிளில் இருக்கிறது, அல்லது யாரோ சுவர் ஸ்விட்சையே அணைத்திருக்கிறார்கள். நம் ஆபீஸ்களில் இரண்டாவதுதான் அதிகம். அணைந்திருக்கும்போது திறந்து, விண்டோஸ் எழுந்ததும் காணாமல் போனால், விண்டோஸில் ஸ்டேட்டிக் ஐ.பி.யும் (கையால் கொடுத்த நிலையான முகவரி) வி-ப்ரோவில் டி.எச்.சி.பி.யும் இருக்கும். இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.

கே.வி.எம். திரை கறுப்பாக வந்தால், மானிட்டர் கேபிள் தனி கிராஃபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வழியே போகும் படத்தைத்தான் இது எடுத்துத் தரும். மானிட்டரே இல்லாத கணினி என்றால் மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் ஒரு எச்.டி.எம்.ஐ. டம்மி பிளக் சொருகினால் படம் வரும். 6 இலக்க எண் கேட்டால் அது பழுதில்லை. எதிர்முனையில் இருப்பவர் சம்மதிக்கிறாரா என்று கணினி கேட்கிறது, எண் அவர் திரையில் இருக்கும். வீட்டுக் கணினியில் அந்தச் சம்மதத்தை அணைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போன இடத்தில் கம்பெனியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஐ.எஸ்.ஓ.விலிருந்து பூட் செய்து பழகும்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மாதிரி சின்னக் கோப்பாக எடுக்கட்டும். 5 ஜி.பி. விண்டோஸ் கோப்பை இப்படி ஏற்றினால் மணிக்கணக்கில் இழுக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: 16992 முதல் 16995 வரையுள்ள போர்ட்களை வீட்டு ரூட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. வெளியிலிருந்து வர வேண்டுமானால் வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாகத்தான்.

இதில் கை பழகினால் டேட்டா சென்டர் வேலையும் எட்டும் தூரம்தான். சர்வரில் இதே வேலையை டெல்லின் ஐடிராக், எச்.பி.இ.யின் ஐலோ செய்கின்றன. ஐ.பி.எம்.ஐ., ரெட்ஃபிஷ் இரண்டும் அவற்றோடு பேசும் முறைகள். ரெட்ஃபிஷ்ஷுக்கு பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்களுக்கு நம்பிக்கையோடு விண்ணப்பிக்கலாம். கூடவே மைக்ரோசாஃப்ட்டின் எம்.டி-102 சான்றிதழுக்குப் படிக்கட்டும். அதில் வரும், கணினிகளை இணையம் வழியே நிர்வகிக்கும் இன்ட்யூனை இன்று பல பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் வேலை இருக்கும், பழுது நேரம் பார்த்து வராது. ஆரம்பச் சம்பளம் டெவலப்பர் நண்பர்களைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் சேரும் தேதியைச் சொல்லும் முன் எச்.ஆரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: இரவு ஷிஃப்டுக்குப் போக்குவரத்து உண்டா? கம்பெனி கணினிகளில் வி-ப்ரோவோ, ஏ.எம்.டி. ரைசன் ப்ரோ கணினிகளில் இதே வேலையைச் செய்யும் டேஷ் வசதியோ பயன்பாட்டில் இருக்கிறதா? ஓராண்டு கழித்து எண்ட்பாயிண்ட் டீமுக்கு மாற வழி உண்டா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை என்றால் யோசியுங்கள். இரண்டாவதற்கு "இல்லை" என்று வந்தாலும் சேரலாம், அமைத்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்படுவார். மூன்றாவதற்கும் "இல்லை" என்றால், ஒரு வருட அனுபவத்தோடு வேறு இடம் தேடுவேன் என்று இப்போதே திட்டமிட்டுச் சேரட்டும். பாண்ட் ஏதாவது கேட்டால் மட்டும், எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.