சவுக்கும் சிவப்பு மையும் வேண்டாம், டீச்சர்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்சபை நடத்தும் அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஈஸ்டர் முடிந்து பள்ளி திறக்கும் அன்று பிள்ளைகளுக்கான ஆராதனையை நான்தான் நடத்த வேண்டும் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சிலுவைப்பாடு நாடகம் போட்டார்கள். சவுக்கடி, சிவப்பு மை என்று தத்ரூபமாகச் செய்ததில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். மறுநாள் ஒரு அம்மா வந்து சத்தம் போட்டார். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இந்துக் குடும்பங்கள். தாளாளரோ இந்த வருடமும் நாடகம் வேண்டும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள டீச்சர், நாடகம் போடுங்கள். காட்சியை மட்டும் மாற்றுங்கள். போன வருடம் உங்கள் பள்ளியில் நடந்தது ஈஸ்டர் ஆராதனையே இல்லை, இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியை இரண்டாம் முறை நடத்தியிருக்கிறீர்கள். ஞாயிறு விடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் ஈஸ்டர்.

சவுக்கடி இல்லாமல் கதை நிற்காதே என்று யாராவது சொன்னால், பைபிளில் இயேசுவின் கதையைச் சொல்லும் சுவிசேஷத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மத்தேயு, மாற்கு, யோவான் மூவருமே சவுக்கடியை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரத்தத்தை நிறுத்தி நிதானமாகக் காட்டியதெல்லாம் பின்னால் வந்த சினிமாக்களும் மேடை நாடகங்களும்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு, “இயேசுவைப் பிடிக்காதவர்கள் அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றுவிட்டார்கள். அவருடைய சிநேகிதர்கள் ரொம்ப அழுதார்கள்” என்று இரண்டு வரி சொன்னால் போதும். மரணத்தை மறைக்க வேண்டாம், மறைத்தால் உயிர்த்தெழுதலுக்கு அர்த்தமே இல்லை. நடித்துக் காட்டவும் வேண்டாம்.

அப்புறம் எதை நடிப்பது? யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை எடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. இயேசுவின் சீடர் பேதுருவும் கூட்டாளிகளும் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒரு மீன் இல்லை. விடியற்காலையில் கரையில் ஒருவர் நின்று, படகுக்கு வலது பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். போடுகிறார்கள், இழுக்க முடியவில்லை. அவர் யார் என்று தெரிந்ததும் பேதுரு மேல்சட்டையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிடுகிறார். கரைக்கு வந்தால் கரி நெருப்பு, அதன் மேல் மீன், பக்கத்தில் அப்பம். வந்து சாப்பிடுங்கள் என்கிறார் இயேசு. செத்துப் பிழைத்து வந்தவர் பசியோடு வந்தவர்களுக்குச் சமைத்து வைத்திருக்கிறார். இதற்கு மேல் பிரசங்கம் எதற்கு?

இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் படகு. நீலச் சேலையை இரண்டு பிள்ளைகள் ஆட்டினால் கடல். வலையை யார் வீட்டிலாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் மீன்கள். போன வருடம் அழுதவர்களின் தம்பி தங்கைகள் இந்த வருடம் வலைக்குள் துள்ளிக்கொண்டு கிடக்கட்டும். படகில் ஏழு பேர், அதில் இரண்டு பேருக்கு யோவான் பெயரே சொல்லவில்லை. வசனம் மறந்துபோகிற பையன்களை அங்கே உட்கார வையுங்கள். பிடிபட்ட மீன் 153 என்று சுவிசேஷம் கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணை எல்லாரும் சேர்ந்து கத்தினால் கடைசி வரிசைப் பிள்ளைகளும் நாடகத்துக்குள் வந்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் நாடகத்தைவிட முக்கியம். இந்த வருடம் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பாசிரியர்களிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “இயேசு எழுந்து வந்தாரே, எங்க தாத்தா ஏன் வரல?” என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். வாய் விட்டுக் கேட்காவிட்டாலும் மனதுக்குள் கேட்கும். தாத்தா தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள், அப்புறம் அந்தப் பிள்ளை இரவில் படுக்கவே பயப்படும். நன்றாக ஜெபித்தால் வருவார் என்றும் சொல்லாதீர்கள். தாத்தா இனி இங்கே வரமாட்டார், உனக்கு அழுகை வந்தால் அழலாம் என்று சொல்லுங்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையாக இருந்தால், கடவுளிடத்தில் அவரைத் திரும்பப் பார்ப்போம் என்று நாம் நம்புகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மகதலேனா மரியாளும் இயேசுவின் கல்லறைப் பக்கம் நின்று அழுதுகொண்டுதான் இருந்தாள், அழாதே என்று அவளை யாரும் அதட்டவில்லை.

சரி, இந்துக் குடும்பங்கள். இங்கே சட்டமும் தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் நடக்கும் வழிபாட்டில், சிறு பிள்ளையைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. அதனால் ஒரு வாரம் முன்னாலேயே டைரியில் எழுதி அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன கதை, எவ்வளவு நேரம், என்ன சாப்பிடக் கொடுப்போம் என்று மூன்று வரி போதும். வேண்டாம் என்பவர்களின் பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வைக்காமல், ஒரு டீச்சரோடு வகுப்பில் படம் வரைய விடுங்கள். முக்கால்வாசிப் பெற்றோர் சந்தோஷமாகவே அனுப்புவார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைகள்தான் சில வருடங்களில் அடுத்த வாரமே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஈஸ்டரும் பௌர்ணமியை வைத்துக் கணக்கிடும் பண்டிகைதானே. “நாங்கள் இப்படி நம்புகிறோம்” என்று சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் டீச்சர் சொன்னால் எதற்கும் கையைத் தூக்கும்.

நாடகம் முடிந்ததும் ஆளுக்கொரு பன் கொடுங்கள், கரையில் சாப்பிட்ட மாதிரி. அதை ஆசீர்வாத ஜெபத்துக்குப் பிறகு, வரிசையில் போகும்போது கொடுத்தால் திருவிருந்து (நற்கருணை) என்றோ பிரசாதம் என்றோ யாரும் குழம்பமாட்டார்கள். ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் பூசும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகளுக்குச் சத்துணவிலேயே முட்டை கிடைக்கிறது. பாட்டு, கையசைத்துப் பாடுகிற மாதிரி இரண்டு போதும். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்றால் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று பதில் சொல்வதைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு முந்தின வாரமே பழக்கிவிடுங்கள்.

தாளாளரிடம், நாடகம் வேண்டாம் என்று தொடங்காதீர்கள். “சார், இந்த வருஷம் படகு, வலை எல்லாம் வைத்து நாடகம் போடுகிறோம், 40 பிள்ளைகள் நடிக்கிறார்கள்” என்று சொல்லுங்கள். மேடையில் இத்தனை பிள்ளைகள் என்றால் எந்தத் தாளாளர் மறுப்பார்? சபைப் போதகர் ஐயரவர்களையும் முன்னாலேயே பார்த்து, ஆசீர்வாதமும் ஐந்து நிமிடமும் அவருக்கு என்று சொல்லிவைத்துவிடுங்கள். ஏப்ரல் வெயில், முற்றத்தில் நிழல் கொஞ்ச நேரம்தான் இருக்கும். மொத்தமும் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.