போசியின் காதைப் பிடித்துப் பாருங்க

(அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், பாத்திரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாங்கள் நாலு பேர், பனியன் கம்பெனியில் வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பைக்கில் கிளம்பி, தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் போட்டுச் சமைப்போம். சில நாள் விறகு, சில நாள் சின்ன கேஸ் அடுப்பு. மூன்று வருடத்தில் இரண்டு பாத்திரம் போய்விட்டது. நான்ஸ்டிக் ஒன்று, விறகில் வைத்து இரண்டே நாளில் பூச்சு உரிந்தது. மெல்லிய அலுமினியம் ஒன்று, பைக்குள்ளேயே நசுங்கிவிட்டது. டைட்டானியம் வாங்கலாம் என்கிறான் ஒருவன். பத்து வருடம் உழைக்கிற பாத்திரம் எது?
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, நான்ஸ்டிக் போனதற்கு வருத்தப்படாதீங்க. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும். விறகுத் தீ அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அது வீட்டு அடுப்புக்குச் செய்த சாமான்.

டைட்டானியம் நல்ல உலோகந்தான். துருப்பிடிக்காது, எடை எவர்சில்வரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் எடை குறையட்டும் என்று தகட்டை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கிவிடுகிறார்கள். முதுகில் சுமையோடு நாள் கணக்கில் நடக்கிறவர்கள் வெந்நீர் வைக்க அது சரி. நீங்கள் பைக்கில் போகிறீர்கள், அதிலும் நம்ம ஊர்க்காரர்கள். கட்டாயம் அரிசிம்பருப்புதான் ஆக்குவீர்கள். மெல்லிய டைட்டானியத்தில் அரிசிம்பருப்பு வைத்தால் மேலே சோறு, அடியில் கரி.

எவர்சில்வர் வாங்குங்க. மூன்று லிட்டர் பிடிக்கிற போசி, அதாவது வாய் அகன்ற சமையல் பாத்திரம், நாலு பேருக்குப் போதும். வாய் எட்டு அங்குலம், உயரம் நாலு அங்குலம், தட்டையான அடி. கழுத்து குறுகினது வேண்டாம், கை விட்டுத் தேய்க்க முடியாது.

கடையில் முதலில் கேட்க வேண்டியது கேஜ், அதாவது தகட்டின் கனத்தைச் சொல்கிற எண். எண் கூடக் கூடத் தகடு மெலியும், இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 22 கேஜ் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. 20 கேஜ் 0.9, 18 கேஜ் 1.2. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், தராசில் வைக்கச் சொல்லுங்க. நான் சொன்ன அளவுப் போசி, மூடியும் காதும் (கைப்பிடியும்) இல்லாமல், 20 கேஜில் 700 கிராம் பக்கம் நிற்கும். 18 கேஜில் 900 கிராம் பக்கம். அரைக்கிலோவுக்குக் கீழே என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்க. அப்புறம் வயிற்றுப்பக்கம் கட்டைவிரலால் அழுத்துங்க, பொக்கென்று உள்ளே போய் வரக்கூடாது. விளிம்பை விரலால் தடவுங்க. தகட்டை வெளியே சுருட்டி மடித்திருந்தால் கீழே விழுந்தாலும் வாய் கோணாது.

அடுத்தது காது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குதுங்க. ஒரு தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனோம். தாராபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அடுப்புக் கூட்டினோம். பன்னிரண்டு பேருக்கு ரசம், புதுக் குண்டா. இறக்கும்போது ஒரு காது மட்டும் என் கையோடு வந்துவிட்டது. ரசம் மொத்தமும் மண்ணுக்கு. இரண்டு புள்ளி வெல்டிங்கில் ஒட்ட வைத்த காது அது. கடையில் பார்த்து வாங்கினதும் நானே. பழனி மலை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும், “என்னங்க பட்டறைக்காரரே, காது கேக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அதனால் போசிக்குள்ளே எட்டிப் பாருங்க. காதை இறுக்கின ரிவெட் ஆணியின் தலை, ஒரு காதுக்கு இரண்டு எண்ணமாவது தெரிய வேண்டும். கடையிலேயே தண்ணீர் ஊற்றி, ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பேக்கலைட் பிடி விறகில் கருகிவிடும், அதுவும் வேண்டாம். தூக்குப்போசி மாதிரி மேலே வளையம் இருந்தால் குச்சியில் மாட்டித் தொங்கவிடலாம். ஆனால் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியையே அடுப்பில் வைத்துவிடாதீங்க. அதன் தகடு மெலிசு.

காந்தம் வைத்துக் காட்டுவார்கள், “ஒட்டல பாருங்க, நயம் சரக்கு” என்று. எவர்சில்வரில் 304 என்கிற நயம் ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 202 என்கிற ரகத்தில் நிக்கல் குறைவு, அந்தக் குறைக்கு மாங்கனீஸ் போடுகிறார்கள். பொதுவாக இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. சொல்லப்போனால், அச்சில் அழுத்தி இழுத்த இடத்தில் நல்ல 304-லும் லேசாக ஒட்டும். அடியில் ரகம் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்க.

சரி, எவர்சில்வருக்குக் குறை இல்லையா? இருக்கிறது. அலுமினியம் கடத்துகிற சூட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான் எவர்சில்வர் கடத்தும். தீ படுகிற இடம் மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். சின்ன கேஸ் அடுப்பில் நடுவில் வட்டமாக அடிப்பிடிப்பது அதனால்தான். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் முழுத்தீ, அரிசி பருப்பு போட்டதும் பாதித்தீ, தண்ணீர் வற்றி வரும்போது போசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்க வேண்டும். தணலில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, சூடு பரவலாக வரும்.

விறகில் ஏற்றும் முன் அடியிலும் பக்கத்திலும் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடுங்க. எங்கம்மா செய்தது. கரி அந்தப் பூச்சின் மேல்தான் பிடிக்கும், கழுவும்போது மொத்தமாக வழிந்துவிடும். இல்லாவிட்டால் பைக் பையில் இருக்கிற துணியெல்லாம் கறுப்புத்தான். உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்க. குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பு அடியிலேயே கிடந்தால் நாளடைவில் ஊசி குத்தினது போலப் புள்ளி விழும்.

தெரிந்தவர் தோட்டம் என்று எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்தது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம், அங்கே போனால் கட்டுச்சோறுதான்.

கேள்வி: குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போய் இரண்டு நாள் தங்குவோம். அப்பத்தாவின் பித்தளைத் தவலை பரணில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொங்கல் வைக்கலாமா?
– வாசகி, கோபி

பதில்: தாராளமாக வைக்கலாம் அம்மணி. முதலில் உள்ளே பாருங்க. வெள்ளையாக இருந்தால் ஈயப் பூச்சு இருக்கிறது. மஞ்சள் எட்டிப் பார்த்தால் ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம். புளி, மோர் பட்டால் களிம்பு ஏறும். பூசுகிறவரிடம் வெள்ளீயந்தானா என்று கேட்டுக்கொள்ளுங்க, காரீயம் விஷம். ஒன்று மட்டும் மறக்காதீங்க. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் தவலையை அடுப்பில் வைத்துவிட்டு “பால் எங்கே” என்று தேடக்கூடாது. பாலோ தண்ணீரோ ஊற்றிய பிறகுதான் தீ மூட்ட வேண்டும். உள்ளே இரும்புக் கரண்டி போட்டுச் சுரண்டாமல் மரக்கரண்டி வைத்துக்கொள்ளுங்க. அந்தக் காலத்துத் தவலை, உங்களுக்கு அப்புறமும் இருக்கும்.

கேள்வி: ஊட்டியில் கூடாரம் போட்டுச் சோறு ஆக்கினோம். எவ்வளவு கொதித்தும் அரிசி நறுக்கென்றே இருந்தது. பாத்திரம் சரியில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: பாத்திரத்தின் மேல் பழி போடாதீங்க. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, அதனால் நேரந்தான் கூடுதலாகப் பிடிக்கும். அரிசியை முக்கால் மணி நேரம் ஊற வையுங்க, மூடியை இறுக்கமாகப் போடுங்க. வருடா வருடம் மலைக்குத்தான் போவீர்கள் என்றால் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று வாங்கிவிடலாம். காஸ்கெட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீங்க. நான் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.